படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: என்னுடையது 21 அடி படகு, ஒரே ஒரு அவுட்போர்டு எஞ்சின். வேகம் எடுத்ததும் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே ஓடுகிறது. எஞ்சின் டிரிம் பட்டனை மேலும் கீழும் அழுத்திப் பார்த்துவிட்டேன், சாய்வு போகவே இல்லை. பின்னால் டிரிம் டேப் இரண்டு இருக்கிறது, ஆனால் அதைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. எதை எப்போது பயன்படுத்துவது?

பதில்: போகாது. எஞ்சின் டிரிமுக்கு அந்த வேலை தெரியாது. எஞ்சினை உள்ளே இழுத்தால், அதாவது அதன் கீழ்முனையைப் படகை நோக்கிச் சாய்த்தால், ப்ரொப்பல்லரின் தள்ளு விசை பின்பக்கத்தைத் தூக்கி அணியத்தை (படகின் முன்பக்கத்தை) அழுத்தும், வெளியே விட்டால் அணியம் எழும்பும், அவ்வளவுதான். ஒற்றை எஞ்சின் நடுவில் இருப்பதால் இடம் வலம் என்று அதற்கு வித்தியாசமே கிடையாது. டிரிம் டேப் அப்படியில்லை. அடிப்பாகத்தின் பின் ஓரத்தில் ஆளுக்கொரு பக்கமாக இருக்கும் அந்தத் தகடுகளில் எதை இறக்குகிறீர்களோ அந்தப் பக்கத்தின் பின் மூலையைத் தண்ணீர் தூக்கிவிடும்.

ஆனால் பட்டனுக்குப் போகும் முன் படகுக்குள் ஒரு சுற்று பாருங்கள். நண்பர் ஒருவரின் படகு இப்படித்தான் சாய்ந்து ஓடியது. டேப்பைப் பாதிக்கு மேல் இறக்கியும் சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால் பேட்டரி இரண்டும், நங்கூரக் கயிறும், தண்ணீர் கேன்களும் இடப்பக்கப் பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடந்தன. கேன்களை வலப்பக்கம் மாற்றியதுமே பாதிச் சாய்வு போய்விட்டது. எடையால் வந்த சாய்வை எடையை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். டேப் என்பது தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகிற தகடு, இறக்க இறக்க வேகமும் எரிபொருளும் போகும்.

எடையைச் சரிசெய்த பிறகும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தால் அது ப்ரொப்பல்லர் சுழற்சியின் எதிர்விளைவாக இருக்கலாம். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுழலும் ப்ரொப்பல்லர் படகை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். டேப் இருப்பதே இந்த மாதிரிச் சாய்வுக்குத்தான்.

இப்போது வரிசையைச் சொல்கிறேன். கிளம்பும்போது எஞ்சின் முழுக்க உள்ளே இருக்கட்டும், படகு கனமாக இருந்தால் இரண்டு டேப்பையும் சற்று இறக்கிக்கொள்ளுங்கள். படகு எழும்பித் தண்ணீர் மேல் சறுக்க ஆரம்பித்ததும் டேப்பை ஏற்றிவிட்டு, எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள். ஸ்டீயரிங் கையில் இலகுவாகும், ஜிபிஎஸ்-இல் வேகம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் எஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது, சத்தமும் மாறும். அதுதான் எல்லை, அங்கிருந்து ஒரு தொடுதல் உள்ளே வாருங்கள். அணியம் ஓங்கில் (டால்பின்) துள்ளுவதுபோல் ஏறி ஏறி இறங்கினாலும் அதே மருந்துதான், எஞ்சினைச் சற்று உள்ளே இழுங்கள், அல்லது இரண்டு டேப்பையும் துளி இறக்குங்கள். அப்புறம் மிச்சமிருக்கும் சாய்வுக்கு ஒரு பக்க டேப். ஒரு நொடி அழுத்தி, கையை எடுத்து, சில நொடி பொறுங்கள். படகு உடனே பதில் சொல்லாது. பொறுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அது மறுபக்கம் சாயும், பிறகு அதைத் திருத்த இன்னொரு அழுத்தம் என்று நாள் முழுக்க அதே வேலையாகிவிடும்.

சுவிட்சில்தான் பலர் குழம்புகிறார்கள். நிறையப் படகுகளில் இடப்பக்க சுவிட்சை 'அணியம் கீழே' என்று அழுத்தினால் இறங்குவது வலப்பக்க டேப். தவறான இணைப்பு என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள். வலப்பக்கப் பின் மூலை தூக்கினால் இடப்பக்க அணியம்தானே இறங்கும்? ஆக அந்த வகை சுவிட்சில், எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தை அழுத்தினால் போதும். உங்களுடையது எந்த வகை என்று தெரிய, படகைக் கட்டி வைத்திருக்கும்போது ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லிவிட்டு சுவிட்சை அழுத்துங்கள்.

கேள்வி: பக்கவாட்டுக் காற்று அடித்தால் படகு காற்று வரும் பக்கமே சாய்கிறது. காற்று தள்ளினால் மறுபக்கம்தானே சாய வேண்டும்?

பதில்: சாய்ப்பது காற்று இல்லை, உங்கள் ஸ்டீயரிங். காற்று அணியத்தை ஒதுக்கித் தள்ளுகிறது, திசை மாறாமல் இருக்க நீங்கள் காற்றை நோக்கித் திருப்பிப் பிடிக்கிறீர்கள். திருப்பிய பக்கம் படகு சாயும், அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவமென்றால் இன்னும் நன்றாகவே சாயும். காற்று வரும் பக்கத்து டேப்பை இறக்கி அந்தப் பக்கத்தைத் தூக்குங்கள். மேலே தெறிக்கும் தண்ணீரும் குறையும்.

கேள்வி: எஞ்சினில் ப்ரொப்பல்லருக்கு மேலே சின்ன வால் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுவும் டிரிம் டேப்பா?

பதில்: பெயர் அதேதான், வேலை வேறு. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பதைச் சரிசெய்ய அது. படகு வலப்பக்கம் இழுத்தால் அந்த வாலின் பின் முனையை வலப்பக்கமே திருப்ப வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சமாகத் திருப்பி, ஓட்டிப் பாருங்கள். பல எஞ்சின்களில், எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் ஆனோடு என்ற உலோகத் துண்டும் அதுவேதான், அதனால் அதன்மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது.

கேள்வி: அலை பின்னாலிருந்து வரும்போது டேப் எவ்வளவு இறக்கலாம்?

பதில்: இறக்கவே வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் தயவுசெய்து சோதனை செய்து பார்க்காதீர்கள். அணியம் தாழ்ந்திருந்தால் அலையின் முதுகிலிருந்து இறங்கும்போது அது முன்னாலிருக்கும் அலைக்குள் குத்தி அங்கேயே பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் சுழன்று படகு குறுக்கே திரும்பிவிடும், அடுத்த அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்க்கவும் செய்யலாம். டேப் இரண்டையும் முழுக்க ஏற்றிவிட்டு, எஞ்சினைச் சற்று வெளியே விட்டு அணியத்தைத் தூக்கியே வையுங்கள். எதிர் அலைக்கு நேர்மாறு. அணியத்தைச் சற்றுத் தாழ்த்தினால் கூர்மையான முன்பாகம் அலையை வெட்டிக்கொண்டு போகும், முதுகு அடி வாங்காது.

கேள்வி: ரிவர்ஸில் போகும்போது?

பதில்: டேப் மேலே. இறங்கிய தகட்டின்மேல் தண்ணீர் நேராக வந்து முட்டும், தகட்டுக்கும் அதைத் தள்ளும் தண்டுக்கும் நல்லதில்லை. படகைக் கட்டிவைக்கும்போதும் ஏற்றியே விடுங்கள், உப்புத் தண்ணீரில் வெளியே நீட்டியிருக்கும் தண்டில் சிப்பி ஒட்டினால் தண்டு உள்ளே போகும்போது, தண்ணீர் புகாமல் அடைக்கும் 'சீல்' கிழிந்துவிடும்.