சின்ன அறையில் போர்ட்ரெய்ட்: இன்னொரு ஃபிளாஷ் வாங்கலாமா?

கேள்வி: பத்துக்குப் பத்து அடி அறை, வெள்ளைச் சுவர்கள். ஒரே ஒரு ஃபிளாஷ், அதன் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடை. மாடலைச் சுவருக்கு ஓர் அடி முன்னால் நிறுத்தி, ஃபிளாஷை இரண்டு மீட்டர் தள்ளி வைக்கிறேன். முகம் தட்டையாக வருகிறது, சுவரில் நிழல் வேறு விழுகிறது. இன்னொரு ஃபிளாஷ் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் அறையில் ஏற்கெனவே விளக்குகள் அதிகம்: நாலு சுவர், மேலே கூரை. குடை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் இறைக்கிறது. சுவர்கள் அதை வாங்கி, முகத்தின் இருண்ட பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. நிழல் அழிந்தால் முகம் தட்டையாகத்தான் தெரியும். (பச்சைச் சுவராக இருந்தால் கன்னமும் பச்சையடிக்கும். அந்த வகையில் தப்பித்தீர்கள்.)

முதலில் தூரத்தைக் கவனியுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். இப்போது முகத்துக்கு இரண்டு மீட்டர், சுவருக்கு 2.3 மீட்டர், முகத்தில் விழுவதில் முக்கால் பங்கு சுவரிலும் விழுகிறது. மாடலைச் சுவரிலிருந்து 120 செ.மீ. முன்னால் கொண்டுவாருங்கள். குடையை முகத்துக்கு 60 செ.மீ. வரை நெருக்குங்கள். இப்போது சுவருக்கு நேராகப் போவது ஒன்பதில் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவர் சாம்பலாகிவிடும், நிழலும் படத்துக்கு வெளியே போய்விடும். கிட்டே வந்த குடை முகத்துக்குப் பெரிய விளக்காகிவிடுவதால் நிழலின் ஓரமும் மென்மையாகும். ஃபிளாஷின் பவரை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

குடையைப் பக்கவாட்டில் சுமார் 45 டிகிரியில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். மூக்கின் நிழல் கன்னத்தை நோக்கிச் சரிந்து விழ வேண்டும். உதட்டில் ஏறினால் ஸ்டாண்டைச் சற்று இறக்குங்கள். இரண்டு கண்ணிலும் குடையின் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒரு கறுப்புத் துணி வேண்டும், சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை விழுங்க. பலர் அலட்சியம் செய்வது இதைத்தான். பளபளப்பில்லாத துணியை ஒரு நாற்காலி முதுகிலோ ஸ்டாண்டிலோ போட்டு, குடைக்கு எதிர்ப்பக்கம், கன்னத்துக்கு ஒன்றரை அடியில் நிறுத்துங்கள். தாடைக்கோடு உடனே எழுந்து நிற்கும். அதிகமாக இருண்டுவிட்டால் துணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, எஃப் 5.6 வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். படம் கறுப்பாக வந்தால் சரி. வேறு வெளிச்சம் எதுவும் குறுக்கே வரவில்லை. கேமராவை முகத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். அதற்கும் கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் காசு செலவழிக்கக் கை அரித்தால், கிரிட் (வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் கட்டம்) போட்ட சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் முன்னால் மாட்டும், வெள்ளைத் துணி முகப்புள்ள பெட்டி) ஒன்று வாங்குங்கள். குடை மாதிரி சுவரெல்லாம் இறைக்காது.