எந்த மவுண்ட், எந்த டெலஸ்கோப்? கடலூர், புதுச்சேரி வான்பட ஆர்வலர்களுக்குக் கேள்வி பதில்

தூக்கிக்கொண்டு போகிற அளவில் வான்படக் கருவிகள் எதை வாங்குவது என்று நம் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். டாலரும் சுங்க வரியும் மாறிக்கொண்டே இருப்பதால் விலை போடவில்லை, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலியார்பேட்டை: கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது சார். டிஎஸ்எல்ஆர் கேமரா ஏற்கெனவே உண்டு. நல்ல டெலஸ்கோப்பாக ஒன்று வாங்கிவிட்டு, மவுண்ட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம் சார், டெலஸ்கோப்பைத் தாங்கி, வானம் நகர்வதற்கு ஏற்பத் திருப்புகிற மவுண்ட்தான் முதலில். பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட்) நகர்கிறது. உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று பார்க்க, பிக்சல் அளவை (மைக்ரானில்) 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுங்கள். 250 மி.மீ. குவியத்தூர டெலஸ்கோப், 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் 3.1 ஆர்க்செகண்ட் வரும். அதாவது மவுண்ட் சுழலாமல் நின்றால், ஒரே நொடியில் நட்சத்திரம் கிட்டத்தட்ட ஐந்து பிக்சல் ஓடிவிடும். மங்கலான நெபுலாவுக்கு (வான்வெளி வாயு மேகம்) ஒவ்வொரு படமும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓட வேண்டும். எவ்வளவு உயர்ந்த கண்ணாடியாக இருந்தாலும் அதற்குக் கீழே ஆடுகிற மவுண்ட் இருந்தால் வருவது கோடுதான்.

மாறாக, நல்ல டிராக்கர் (கேமராவைத் தாங்கும் சின்ன மவுண்ட்) ஒன்று இருந்தால் உங்களிடம் உள்ள லென்ஸே போதும். ஸ்கைவாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் ஜிடிஐ மாதிரி ஒன்றை எடுங்கள். இரண்டு அச்சிலும் மோட்டார் இருக்கிறது, பொருளைத் தானே தேடிப் போகும், கைடிங்கும் (இன்னொரு சின்னக் கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்ட்டின் ஓட்டத்தைத் திருத்துவது) செய்யலாம். அதன் மேல் சாம்யாங் 135 மி.மீ. எஃப்/2 லென்ஸைப் போட்டு ஒரு சீசன் ஓட்டுங்கள். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வானத்தில் மூன்று டிகிரி நீளம், ஆறு நிலாவை வரிசையாக வைத்த அகலம். 135 மி.மீ.க்குள் அது தாராளமாக அடங்கும். அப்புறம் ரெட்கேட் 51 மாதிரி 250 மி.மீ. சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த டெலஸ்கோப்) ஒன்றுக்குப் போகலாம். பணத்தில் பாதிக்கு மேல் மவுண்ட்டுக்குப் போனாலும் கவலைப்படாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். பெட்டியில் "5 கிலோ தாங்கும்" என்று போட்டிருந்தால் அது கண்ணால் பார்ப்பதற்கான கணக்கு. படம் எடுக்க மூன்று கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேமரா, கைடு ஸ்கோப் (கைடிங்குக்கான சின்ன டெலஸ்கோப்), வயர், டியூ ஹீட்டர் (பனி படியாமல் கண்ணாடியைச் சூடாக்கும் பட்டை) எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும்.

தேவனாம்பட்டினம்: யூடியூபில் எல்லாரும் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் மவுண்ட்டைச் சரி செய்கிறார்கள். எங்கள் மாடியில் வடக்கே தென்னை மரமும் தண்ணீர்த் தொட்டியும். நட்சத்திரம் கண்ணிலேயே படவில்லையே?

மவுண்ட் சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும், அந்தத் திசையில்தான் துருவ நட்சத்திரம் இருக்கிறது, அதனால் அதைப் பார்க்கிறார்கள். அந்த வீடியோக்காரர்கள் பெரும்பாலும் 40, 50 டிகிரி அட்சரேகையில் உட்கார்ந்திருப்பவர்கள். கடலூர் 11.75 டிகிரி, புதுச்சேரி 11.93. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரம் என்பது ஊரின் அட்சரேகையேதான். ஆக நமக்கு 12 டிகிரி. கையை நேராக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. தென்னை இல்லாவிட்டாலும் கடற்கரை ஈரக்காற்றும் ஊர் வெளிச்சமும் அந்த உயரத்தில் அதை விழுங்கிவிடும்.

இதற்கு இப்போது வழி இருக்கிறது. வான்படக் கருவிகளை இயக்கும் நினா என்ற கணினி மென்பொருளில் மூன்று புள்ளி முறை என்று ஒன்று உண்டு. கேமரா ஒரு படம் எடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களை வைத்து எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும். மவுண்ட்டைக் கொஞ்சம் சுழற்றி இன்னொன்று, மறுபடி இன்னொன்று. மூன்று புள்ளியிலிருந்து அச்சு உண்மையில் எங்கே நோக்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டு, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று திரையில் காட்டும். வடக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். முதலில் தோராயமாக நிறுத்த ஃபோன் காம்பஸ் போதும். நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ஃபோனை மவுண்ட்டின் இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. 12 டிகிரியில் மவுண்ட்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடும். பழைய சில மவுண்ட்களில் அட்சரேகைத் திருகு 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. வாங்கும் முன் விவரக் குறிப்பில் இந்த வரம்பைப் பாருங்கள். இறங்கினாலும், பாரம் முழுக்க வடக்குப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ட்ரைபாடின் ஒரு காலை வடக்கு நோக்கி வையுங்கள். இல்லையென்றால் நடு ராத்திரியில் மொத்தமும் குப்புற விழும். அப்படி வைத்தால் கவுண்டர்வெயிட் (எதிர் எடை) கம்பி சுற்றி வரும்போது அந்தக் காலிலேயே இடிக்கப் பார்க்கும். மவுண்ட் தலைக்கும் ட்ரைபாடுக்கும் நடுவே ஓர் எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டால் தீர்ந்தது. அதையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள்.

வில்லியனூர்: அண்ணா, இந்த மவுண்ட், கைடிங் தொல்லையெல்லாம் இல்லாமல் சீஸ்டார் (டெலஸ்கோப், கேமரா, மவுண்ட் எல்லாம் ஒன்றாக வரும் தானியங்கிக் கருவி) வாங்கினால் போதாதா? அதையும் ஈக்வட்டோரியல் முறையில், அதாவது அச்சு துருவத்தை நோக்கும்படி, சாய்த்து வைத்தால் படம் நன்றாக வரும் என்கிறார்களே?

போதும் தம்பி, வாரத்துக்கு ஒரு ராத்திரிதான் நேரம் கிடைக்கும் என்றால் அதுதான் சரி. சீஸ்டார் எஸ்50-ன் எடை இரண்டரை கிலோ, 50 மி.மீ. கண்ணாடி, 250 மி.மீ. குவியத்தூரம். பத்துப் பத்து நொடியாக எடுத்துத் தானே அடுக்கி ஒரே படமாக்கிவிடும். பார்வைப் பரப்பு சின்னது, அது ஒன்றுதான் குறை. ஆண்ட்ரோமெடாவை முழுசாக ஒரே சட்டத்தில் பிடிக்க முடியாது.

சாய்த்து வைக்கும் யோசனையை நம் ஊரில் மறந்துவிடு. லண்டன்காரர் 40 டிகிரிக்குக் குறைவாகச் சாய்த்தால் போதும். நாம் 78 டிகிரி சாய்க்க வேண்டும். கருவி பக்கவாட்டில் படுத்தே கிடக்கும், சின்ன ட்ரைபாட் தாங்காது.

நேராகவே வைத்துக்கொண்டு திசையைத் தேர்ந்தெடு. நேராக நிற்கும் மவுண்ட்டில் பொருள் நடுவில் நின்றாலும் படம் மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சி வடக்கிலும் தெற்கிலும் அதிகம், உச்சிக்குப் பக்கத்தில் மோசம், நேர் கிழக்கிலும் மேற்கிலும் பூஜ்யம். நம் அட்சரேகையில் ஓரியன் கிழக்கே எழுந்து ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். கடலிலிருந்து எழுந்த ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பித்து, நல்ல உயரம் வரும் வரை எடுத்தால், படங்களை அடுக்கும்போது ஓரங்கள் வெட்டுப்படாது. கடல் பக்கம் விளக்கும் கிடையாது. இந்த வசதி ஐரோப்பாக்காரனுக்கு இல்லை!

சிதம்பரம்: காலேஜ் மாணவன் அண்ணா, என்னிடம் ஸ்கூட்டர்தான். எதைத் தூக்கிக்கொண்டு போக முடியும்?

ஈக்யூ6-ஆர் மாதிரி பெரிய மவுண்ட்டை மறந்துவிடு; தலை மட்டுமே 17 கிலோ, அதன் மேல் கவுண்டர்வெயிட் வேறு. ஹார்மோனிக் கியர் மவுண்ட்கள்தான் இப்போது தூக்கிப் போக ஏற்றவை. இசட்டபிள்யூஓ ஏஎம்5-ன் தலை 5 கிலோ. கவுண்டர்வெயிட் இல்லாமலே 13 கிலோ தாங்கும். முதுகுப்பையில் தலை, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ட்ரைபாட், முடிந்தது. ஆனால் இந்த வகைக் கியரின் ஓட்டத்தில் ஏற்ற இறக்கம் அதிகம், கைடிங் இல்லாமல் உருப்படாது. கைடு கேமரா, 30 மி.மீ. கைடு ஸ்கோப், பிஎச்டி2 (கைடிங் மென்பொருள்) ஓட ஒரு லேப்டாப், இவற்றையும் செலவில் சேர். பணம் அவ்வளவு இல்லையென்றால் ஸ்டார் அட்வென்ச்சரர் 2i டிராக்கரும் கேமரா லென்ஸும் போதும். அதிலும் நிறைய எடுக்கலாம்.

நெல்லிக்குப்பம்: பையன் எட்டாவது படிக்கிறான். 8 அங்குல டாப்சோனியன் (தரையில் வைத்துக் கையால் திருப்பும் டெலஸ்கோப்) வாங்கிக் கொடுத்தால் படமும் எடுப்பானா?

சனி வளையத்தையும் நிலாவின் குழிகளையும் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது மேடம். நிலா, கோள்களைக் கேமரா வைத்தும் எடுக்கலாம். கையால் திருப்புவதால் நெபுலா படம் வராது. பையனுக்கு முதலில் கண்ணால் பார்க்கும் ஆசை வரட்டும், டாப்சோனியனே வாங்குங்கள்.

தாழங்குடா: கடற்கரைக்கு இருநூறு மீட்டரில் வீடு. உப்புக்காற்றில் கருவி கெட்டுப்போகுமா?

கெடும். உப்பைவிட ஈரம் முதலில் கெடுக்கும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி அந்த நிமிடமே வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் மாடியில் வைத்துவிட்டு எடுங்கள். டியூ ஹீட்டர் பட்டையைச் சுற்றுவது இங்கே ஆடம்பரம் இல்லை, அவசியம். மெயின் டெலஸ்கோப்புக்குப் போட்டுவிட்டுக் கைடு ஸ்கோப்பை விட்டுவிடுவார்கள். அது பனி படிந்து நட்சத்திரத்தைத் தொலைத்தால் மொத்த ராத்திரியும் போச்சு.

வீட்டில் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஹைக்ரோமீட்டர். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை வராது. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சட்டியில் மிதமாக வறுத்துத் திரும்பப் போடலாம். கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தால் துணியால் தேய்க்காதீர்கள், முதலில் புளோயரால் ஊதுங்கள்.

மணலில் வைக்கிறீர்கள் என்றால் ட்ரைபாட் காலுக்கடியில் ஒவ்வொரு பலகைத் துண்டு போடுங்கள், இல்லையென்றால் மெல்லப் புதையும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. வெள்ளை டார்ச் அடிக்காதீர்கள்.

நெய்வேலி: இங்கே வானம் எப்போதும் ஆரஞ்சு நிறம். ஃபில்டர் போட்டால் சரியாகுமா? கூலிங் கேமரா வேண்டுமா?

டூயல் பேண்ட் ஃபில்டர் ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டரையும் ஆக்சிஜனின் 500.7-ஐயும் மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும். ஓரியன், ரோசெட், லகூன் போன்ற ஒளிரும் நெபுலாக்களுக்கு அற்புதமாக வேலை செய்யும். கேலக்ஸிக்கும் நட்சத்திரக் கொத்துக்கும் பயனில்லை. அவை எல்லா நிறத்திலும் ஒளி தருபவை. அதற்கு இருட்டான இடத்துக்கு வண்டி ஏறத்தான் வேண்டும்.

சென்சாரைக் குளிர்விக்கும் கூலிங் கேமரா விஷயத்தில் நம் ஊர் வெயில் பேசும். சென்சார் சூடு 6 டிகிரி ஏறினால் அதன் வெப்ப இரைச்சல் ஏறக்குறைய இரட்டிக்கும். நம் ராத்திரியே 27, 28 டிகிரி. ஆகவே பணம் இருந்தால் இங்கே அது டெலஸ்கோப்பைப் பெரிதாக்குவதைவிடப் பலன் தரும். ஆஸி 533 போன்ற கேமரா வெளிக்காற்றைவிட 35 டிகிரி வரைதான் குறைக்கும். மைனஸ் 10 என்று வைத்தால் நம்மூரில் எட்டாது, பூஜ்யத்தில் வையுங்கள். மின்சாரமும் மிச்சம். கேமரா, மவுண்ட், ஹீட்டர், மினி பிசி எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டில் 5 ஆம்ப் இழுக்கும் என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு 30 ஆம்ப்-அவர். லித்தியம் ஃபாஸ்பேட் பேட்டரி 40 ஆம்ப்-அவர் இருந்தால் நிம்மதி.

லாஸ்பேட்டை: நட்சத்திரத்தைக் காட்டப் பச்சை லேசர் பயன்படுத்தலாமா?

விமான நிலையத்தை மாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டா? வேண்டவே வேண்டாம்.

உப்பளம்: எந்த மாதம் வாங்கினால் உடனே பயன்படுத்தலாம்?

டிசம்பர் கடைசியில் வாங்குங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நமக்கு நல்ல வானம், அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதிவரை வடகிழக்குப் பருவமழை. ஜூனை நம்பாதீர்கள். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல், சூரியனை வெள்ளி கடப்பதை 1761-ல் புதுச்சேரியிலிருந்து பார்க்க வந்தார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கப்பலிலேயே நின்று கோட்டைவிட்டார். பிரான்ஸ் திரும்பாமல் கீழைக் கடல்களிலேயே சுற்றி, அடுத்த கடப்பு நிகழும் 1769 ஜூன் வரை காத்திருந்து புதுச்சேரிக்கு வந்தார். முந்தைய நாள்களில் காலை வானம் தெளிவாகத்தான் இருந்தது. அந்த ஒரு காலையில் மட்டும் மேகம் மூடிவிட்டது. புதிதாகக் கருவி வாங்கியவர்கள் எல்லாருக்கும் இவர்தான் குலதெய்வம்.

பாகூர்: இருட்டான இடம் எது? தெற்கு வானம் எடுக்க ஆசை.

மலை என்றால் செஞ்சி, திருவண்ணாமலை வழியாக ஜவ்வாது மலை. 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான். அந்தப் பக்கம் வண்டி விளக்கை அடக்கி வாசியுங்கள். காட்டில் ராத்திரி தங்க வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

தெற்கு வானத்துக்குக் கடற்கரையே மேல். கடலூரிலிருந்து தெற்கே பார்த்தால் சிப்காட் விளக்குகள் மறைக்கும். பரங்கிப்பேட்டைக்குப் போய்விட்டால் அவை முதுகுக்குப் பின்னால் போய்விடும். கரீனா நெபுலா நமக்கு 18 டிகிரி உயரம் வரை வரும். இந்தியாவின் மிக இருட்டான வானங்களில் ஒன்றான லடாக்கின் ஹான்லேயில் அது எழுவதே இல்லை. ஆல்ஃபா சென்டாரி இரட்டை நட்சத்திரம் என்று ரிஷோ பாதிரியார் 1689-ல் கண்டுபிடித்ததும் நம் புதுச்சேரியிலிருந்துதான். ஏப்ரலில் இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கரீனா உச்சத்தில் நிற்கும். தாழ்வாக இருப்பதால் 135 மி.மீ. லென்ஸ், ஒரு நிமிடப் படங்கள், இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டி: பழைய மவுண்ட் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

கிளட்ச்சை இறுக்கிவிட்டு அச்சைக் கையால் மெல்ல ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் கியர் தேய்ந்திருக்கிறது. மோட்டாரை இரண்டு பக்கமும் ஓடவிட்டுச் சத்தம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். போல்ட் தலைகளில் துரு இருந்தால் கடற்கரை வீட்டுச் சரக்கு, உள்ளே பேரிங்கும் அப்படித்தான் இருக்கும். அட்சரேகைத் திருகை 12 வரை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இறங்கவில்லை என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.