பாட்டே போடவில்லை, ஆம்ப்ளிஃபையர் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நானே ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் செய்திருக்கிறேன். சேனலுக்கு ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர், சி5200, ஏ1943. சும்மா ஆன் செய்து வைத்தாலே பத்து நிமிடத்தில் ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் முதலில் 6 மில்லிவோல்ட் காட்டுகிறது. பத்து நிமிடத்தில் 60 ஆகி, மேலும் ஏறுகிறது. டூப்ளிகேட் என்று நினைத்து டிரான்சிஸ்டர்களை இரண்டு முறை மாற்றிவிட்டேன். பாட்டில்லாதபோதும் அவுட்புட்டில் கொஞ்சம் கரண்ட் ஓட வைக்கும் பயாஸ் டிரான்சிஸ்டர் பிடி139 போர்டிலேயே நிற்கிறது. என்ன செய்வது?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: மூன்றாவது முறை டிரான்சிஸ்டர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். பிடி139 போர்டிலேயே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, வியாதி அதுதான்.

இரண்டு அளவுகளையும் குறித்து அனுப்பியது பெரிய உதவி. 6 மில்லிவோல்ட் என்றால் சுமார் 27 மில்லிஆம்பியர், சரியான அளவு. 60 என்றால் 270-க்கு மேல். உங்கள் சப்ளை பக்கத்துக்கு 34 வோல்ட் இருக்கும். ஆக ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் வேலையே இல்லாமல் 9 வாட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. ஆன் செய்ததுமே 60 காட்டி, பயாஸைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட்டுக்கும் அடங்காமல் இருந்தால் பிடி139-இன் கால்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு மெல்ல மெல்ல அல்லவா ஏறுகிறது!

டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடானால், அதே கரண்டுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைவாகக் கொடுத்தால் போதும். ஹீட் சிங்க் 30 டிகிரி ஏறினால் இரண்டு அவுட்புட்டுக்கும் சேர்த்து 120 மில்லிவோல்ட் குறைய வேண்டும். போர்டில் குளுகுளுவென்று நிற்கும் பிடி139-க்கு அந்தச் சூடு தெரியாது. பழைய பயாஸையே கொடுக்கும். கரண்ட் கூடும், சூடு கூடும், கரண்ட் இன்னும் கூடும்.

என் முதல் செட்டிலும் இதே தவறைச் செய்தேன். மார்கழி இரவில் பயாஸ் வைத்தேன், அருமையாகப் பாடியது. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் இரண்டு அவுட்புட்டும் ஷார்ட் ஆகி, ஸ்பீக்கரையும் கொண்டுபோனது. அந்த ஸ்பீக்கருக்காக மூன்று மாதம் காசு சேர்த்திருந்தேன். உங்களுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

பிடி139-ஐக் கழற்றி, ஹீட் சிங்கில் இரண்டு அவுட்புட்டுக்கும் நடுவில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். அதன் பின்பக்கத் தகடு கலெக்டர்தான், ஆகவே கரண்ட் கடத்தாத மைக்காவும் பேஸ்ட்டும் கட்டாயம். வயர் மூன்று அங்குலத்துக்குள் இருக்கட்டும், முறுக்கி விடுங்கள். போர்டில் அதன் கலெக்டர், எமிட்டர் இடையே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். நீளமான வயரால் ஆசிலேஷன் (செட் தானாகவே அதிர்வது) வந்தால், காதுக்குக் கேட்காமலே அதுவும் செட்டைச் சூடாக்கும்.

பிரீசெட் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே இருந்தால், பிரீசெட் தேய்ந்து தொடர்பு விட்டாலும் பயாஸ் குறையத்தான் செய்யும். கலெக்டர் பக்கம் இருந்தால் முழுதாக ஏறிவிடும்.

அப்புறம், ஸ்பீக்கரைக் கழற்றி, இன்புட்டை ஷார்ட் செய்து, பிரீசெட்டைக் குறைந்த பயாஸில் வைத்து, 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் வயரில் சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். ஒரு முறை பளிச்சென்று எரிந்து அடங்கினால் பல்பை எடுத்துவிடலாம். மீட்டரை இரண்டு எமிட்டர்களுக்கும் இடையே பிடியுங்கள். புரோப் வழுக்கி பக்கத்துக் கலெக்டரைத் தொட்டால் எல்லாம் போகும், கிளிப் மாட்டிக்கொள்வது நல்லது. அங்கே இரண்டு எமிட்டர் ரெசிஸ்டருக்கும் சேர்த்து 11 மில்லிவோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். சூட்டுக்குப் பயந்து பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடாதீர்கள், சின்ன வால்யூமில் குரல் கரகரக்கும்.

அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி 11-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் 15-ஐத் தாண்டாமல் நின்று, ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம்.