ஹீமோபிலியா உள்ள நண்பனுக்கு ரத்தம் ஏற்றியதில் ஹெபடைடிஸ் சி தொற்றிவிட்டது. மாணவர்களாகிய நாங்கள் என்ன செய்யலாம்?

இந்நேரம் போஸ்டருக்கு வாசகம் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். அதை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

என் அண்ணனுக்கு ஹீமோபிலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத நோய். முட்டி வீங்கும்போதெல்லாம் கோபியிலிருந்து ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் 8 மருந்து வாங்க வசதியில்லை, தான ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் கிரையோதான். ஒவ்வொரு தடவையும் பல பேர் ரத்தத்திலிருந்து எடுத்த பைகள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி தான ரத்தத்தில் இருக்கிறதா என்ற பரிசோதனை இந்தியாவில் கட்டாயமானது 2001இல்தான். 2002இல் அண்ணனுக்கு அந்தக் கிருமி இருப்பது தெரிந்தது. மருத்துவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அந்தப் பைகள் இல்லையென்றால் அண்ணன் பத்து வயதைத் தாண்டியிருக்க மாட்டார்.

நான் அப்போது கோவையில் இரண்டாம் ஆண்டு. ஜப்பானில் ஃபாக்டர் மருந்து வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹீமோபிலியா நோயாளிகளுக்கு எச்ஐவி தொற்றியதையும், 1995இல் மாணவர்கள் திரண்டு சுகாதார அமைச்சகத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றதையும் படித்துக் கொதித்துப்போயிருந்தேன். மறு வருடமே அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், நோயாளிகள் போட்ட வழக்கில் சமரசமும் ஏற்பட்டது. நாமும் செய்வோம் என்று நோட்டீஸ் அடித்தோம். அண்ணன் பெயரைப் போடவில்லை. ‘ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் ஓர் இளைஞர்’ என்று மட்டும் போட்டேன்.

பத்தே நாளில் மண்டியில் அண்ணனுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையில் அது மட்டும் பிளாஸ்டிக். ஒரே டம்ளரில் டீ குடித்தால் ஹெபடைடிஸ் சி தொற்றாது. ஆனால் அதை மண்டியில் யார் போய்ச் சொல்வது?

“பேரு போடலீன்னா ஆச்சா? மண்டின்னு எழுதீட்டீல்ல, அது போதாதா கண்ணு?” என்றார் அண்ணன். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜப்பான் கதையில் நான் கவனிக்காமல் விட்டது இதுதான். அங்கே வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் பெயரை வெளியிடவே இல்லை. அவர்களில் ஒருவரான கவாடா ரியூஹெய் 19 வயதில் பெயரோடு முன்னால் வந்தார் என்றால், அது அவரே எடுத்த முடிவு.

அப்புறம் 2003இல் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம். அரசு மருத்துவமனையில் ஃபாக்டர் இருப்பு வைக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. யார் கதையும் அதில் இல்லை. எழுதிக் கொடுத்தது அண்ணன், அதே கணக்குப்பிள்ளை கையெழுத்தில். கீழே கையொப்பமிட்டது நாங்கள் 19 பேர். ஃபாக்டர் வர வருடங்கள் ஆயின. எங்களால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, பலர் பல ஊர்களில் கேட்டார்கள்.

2016இல் அண்ணன் 12 வாரம், 84 மாத்திரை சாப்பிட்டார். கிருமி போய்விட்டது. உங்கள் நண்பருக்கும் இந்தச் சிகிச்சை உண்டு, அரசுத் திட்டத்தில் இலவசம். முதலில் அதற்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவும் உண்டு. ஆனால் அட்டையைக் காட்டினால் கண்டக்டர், “கை கால் நல்லாத்தானுங்க இருக்குது?” என்கிறார். 48 வயதில், மடங்காத முட்டியோடு அண்ணன் பஸ்ஸுக்குள் பேண்ட்டைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது.

போஸ்டர் வேண்டுமா என்று நண்பரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.