இன்ஜின் போன பழைய கார்: செலவு செய்வதா, கழிப்பதா?

கேள்வி: 17 வருடப் பெட்ரோல் கார். 1,90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இழுவை குறைந்து நீலப் புகை விடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. 'இன்ஜின் போச்சு, இறக்கிடலாம்' என்கிறார் மெக்கானிக். செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 'இன்ஜின் போச்சு' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த சிலிண்டர், எந்தப் பாகம் என்று தெரியாமல் இன்ஜினை இறக்கவும் விடாதீர்கள், வந்த விலைக்குத் தள்ளவும் செய்யாதீர்கள்.

முதலில் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை குப்பென்று நீலப் புகை வந்து, பிறகு நின்றுவிட்டால், வால்வு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் காய்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். பல இன்ஜின்களில் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகத்தை, கழற்றாமலேயே அதை மாற்றலாம். மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடாமல் புகைந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அடைக்கும் பிஸ்டன் ரிங் மீதுதான் சந்தேகம். பி.சி.வி. வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியே எடுக்கும் சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டாலும் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இன்ஜின் ஆயில் குடிக்கும். அதை மாற்றுவது மிகச் சிறிய வேலை, ஆனால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் வருவதையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை மாட்டி ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரை ஓட்ட வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். நல்ல பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 150 முதல் 190 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும். உங்கள் காருக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் போனால் கோளாறு உறுதி.

எந்த சிலிண்டரில் குறைகிறதோ, அதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு சட்டென ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்மானம். ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைப்பதால்தான் ஏறுகிறது. ஏறவில்லை என்றால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் கிழிந்திருக்கும். ஹெட் வேலையோடு முடிவதற்கும் முழு இன்ஜினையும் பிரிப்பதற்கும் செலவில் பெரிய இடைவெளி உண்டு. ஒரு மணி நேர டெஸ்ட் அதைச் சொல்லிவிடும்.

கேள்வி: வெள்ளைப் புகை வருகிறது, கூலன்ட் குறைகிறது. ஒருமுறை சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் சில மாதங்களில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம். அதன் அடிப்பரப்பில் நேரான இரும்புப் பட்டையை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இடையில் விட்டுப் பார்க்க வேண்டும். பல இன்ஜின்களுக்கு 0.05 மி.மீ. தான் வரம்பு. மீறினால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்ய, அதாவது பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் அங்கேயே செய்யச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டுகள் இழுபட்டு நீளும் வகையாக இருந்தால் பழையதை மறுபடி போடக் கூடாது. முக்கியமாக, ஏன் சூடேறியது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்: தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், வாட்டர் பம்ப். காரணத்தை விட்டுவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் போகும்.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்மையான பசை தெரிந்தாலே பயந்துவிடாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் காரில் ஈரம் படிந்தும் அப்படி வரும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. அதோடு ஓட்டினால் பேரிங்குகள் கெடும். உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: அடியிலிருந்து 'டொக் டொக்' என்ற கனத்த சத்தம். பணம் சேரும்வரை மெதுவாக ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்த சத்தமாக இருக்கலாம். ராட் உடைந்தால் சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கையே குத்திக் கிழித்துவிடும். இன்று ரிப்பேர் செய்யக்கூடிய இன்ஜின் நாளை வெறும் இரும்பாகிவிடும். கெட்டி ஆயில், புகை நிறுத்தும் மருந்து எல்லாம் சத்தத்தை மறைக்குமே தவிர, தேய்ந்த உலோகத்தைத் திருப்பித் தராது.

கேள்வி: பழைய இன்ஜினையே பிரித்துச் செய்வதா, வேறு காரிலிருந்து எடுத்த இன்ஜினை மாட்டுவதா?

பதில்: நல்ல லேத் கைவசம் இருந்தால் பிரித்துச் செய்வதே எங்கள் தேர்வு. உள்ளே என்ன போட்டோம் என்று தெரியும். ஆனால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. சிலிண்டர் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும்போது புது ரிங் மட்டும் போட்டால் அது சுவரில் பொருந்தாது. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் செய்து 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கிராங்க்கையும் அளந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு காரின் இன்ஜின் என்றால் கம்ப்ரஷன் அளவைக் காட்டாமல் வாங்காதீர்கள். இன்ஜின் வகையைக் குறிக்கும் இன்ஜின் கோட் பொருந்துகிறதா, உங்கள் காரின் கம்ப்யூட்டரும் வயரிங்கும் ஏற்றுக்கொள்ளுமா என்று முன்பே பாருங்கள். இன்ஜின் எண் மாறுவதால் பதிவுப் பத்திரத்திலும் மாற்ற வேண்டியிருக்கலாம். இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிறகு அதற்காகவே மறுபடி இறக்குவது வீண் கூலி.

கேள்வி: எல்லாம் பார்த்தாயிற்று. கடைசி முடிவை எதை வைத்து எடுப்பது?

பதில்: இன்ஜினை வைத்து அல்ல, பாடியை வைத்து. இன்ஜினை மாற்றலாம். துருப்பிடித்த சேஸிஸுக்கு மாற்று கிடையாது. காரை உயர்த்தி, கதவுக்குக் கீழே உள்ள ஓரம், தரைத் தகடு, முன் சஸ்பென்ஷன் ஏறி உட்காரும் இடம் ஆகியவற்றை ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இன்ஜினுக்கு ஒரு காசும் போடாதீர்கள். பாடி உறுதியாக இருந்தால் கியர்பாக்ஸ், ஸ்டியரிங், ஏ.சி. ஆகியவற்றுக்கு அடுத்து வரும் செலவையும் கூட்டுங்கள்.

பிறகு மூன்று தொகைகளை எழுதுங்கள்: இப்படியே விற்றால் வரும் விலை, ரிப்பேர் செலவு, ரிப்பேருக்குப் பின் வரும் விலை. விற்பதற்காகவே ரிப்பேர் செய்வது அநேகமாக நஷ்டம். நீங்களே இன்னும் நாலைந்து வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது ஒப்பிட வேண்டியது அதே பணத்துக்குக் கிடைக்கும் வேறொரு பழைய காரோடு. அதன் கோளாறுகள் உங்களுக்குத் தெரியாது, இதன் கோளாறுகள் தெரியும்.

இப்படியே விற்பதானால் கம்ப்ரஷன் அளவு எழுதிய தாளை வாங்குபவரிடம் கொடுங்கள். மறைத்து விற்றால் பிறகு சண்டை வரும். காயலான் கடைக்கே போகிறது என்றால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், பேட்டரி, அலாய் வீல் ஆகியவற்றின் விலையைத் தனியாகக் கேளுங்கள். இரும்பு எடையில் அவற்றைச் சேர்த்துவிடுவார்கள். பதிவையும் இன்ஷூரன்ஸையும் ரத்து செய்த ரசீது கைக்கு வரும்வரை, கார் கொடுத்த நாள், நேரம், யாரிடம் என்ற விவரம் உங்கள் கையில் எழுத்தில் இருக்கட்டும்.