48 வயசாகுது, நரை வந்திட்டுது, கண்ணாடி பாக்கவே பிடிக்கேல்ல. வயசு போறத எப்பிடி ஏத்துக்கொள்றது?

48லயே இந்தக் கேள்வியோ எண்டு முதல் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பாத்தா நான் டை அடிக்கத் தொடங்கினதே 42ல, உங்களப் பாத்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு. வேலை செய்யிற இடத்தில சின்னப் பெடியள் "அங்கிள்" எண்டு கூப்பிடுறாங்கள் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அப்ப ஆம்பிளை எண்டு வைச்சுக்கொள்றன், அனேகமா பிரைவேட் கொம்பனியா இருக்கும், உங்களவிட 15, 20 வயசு குறைஞ்ச ஒரு மனேஜர் இருப்பான், அதான் குத்துது. பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ட கதையச் சொல்றன், பிரயோசனமோ இல்லையோ தெரியாது.

எனக்கு இப்ப 63. திருகோணமலை டவுனுக்குள்ளயே ஒரு அரசாங்கக் கந்தோரில 30 வருசத்துக்கு மேல கிளறிக்கல் வேலை. நரைச்சதக் கவனிச்சது சுனாமியோட. சுனாமியால நரைச்சது எண்டு சொல்ல வரேல்ல, எங்கட அப்பாவுக்கும் 40ல வெள்ளைதான், அது பரம்பரை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாலஞ்சு மாசம் கந்தோர் வேலையெண்டு ஒண்டுமில்ல, முகாம் முகாமாப் போய் நிவாரண லிஸ்ட் எழுதுறதுதான். உப்புவெளிப் பக்கம் ஒரு முகாமில வரிசையில நிண்ட ஒரு அம்மா, அவவுக்கே 60 இருக்கும், என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு "பாவம் ஐயா, வயசு போன காலத்தில உங்களையும் வெயிலுக்குள்ள இருத்தி எழுத விட்டிருக்கிறாங்களே" எண்டா. வீடு வாசல் எல்லாத்தையும் கடலுக்குக் குடுத்திட்டு ஒரு பாயோட நிக்கிற மனுசி எனக்குப் பரிதாபப்படுறா! அண்டைக்குப் பின்னேரம் வரேக்க ஒரு டை பக்கெட் வாங்கினன். ஊரே செத்தவீடா இருக்கேக்க இவருக்கு டை கேக்குது எண்டு கடைக்காரன் நினைப்பான் எண்டு கூட ரெண்டு சவுக்காரமும் வாங்கினன்.

அதுக்குப் பிறகு 17 வருசத்துக்கு மேல. மாசத்தில ரெண்டு ஞாயிறு, கிணத்தடி, பழைய சாரம், பல்லு விளக்கின பழைய பிரஷ். காது மடலில பட்டா தேங்காயெண்ணெய் வைச்சுத் துடைக்கோணும், இல்லாட்டி திங்கக்கிழமை கந்தோரில எல்லாரும் காதையே பாத்துக் கதைப்பினம்.

எங்கட அப்பாவ நினைச்சா வெக்கமாத்தான் இருக்கு. அவருக்குத் தன்ட வயசு நம்பரில தெரியாது. "ஜப்பான்காரன் குண்டு போடேக்க எனக்கு மீசை அரும்பியிருந்தது" எண்டுதான் சொல்லுவார், அது 1942 ஏப்ரல் 9ம் திகதி, கடற்படை டொக்யார்ட்டுக்கும் சீனன்குடா விமானத்தளத்துக்கும் வந்து போட்டது, அத வைச்சு நாங்கள் கூட்டிக் கழிச்சுப் பாக்கோணும். பிறகு அவர் அதே டொக்யார்ட்டிலதான் வேலைக்குப் போனவர், 57ல வெள்ளைக்காரன் துறைமுகத்தக் குடுத்திட்டுப் போனதோட அந்த வேலை போட்டுது, நான் பிறந்தது அதுக்குப் பிறகு. அம்மாவுக்கும் அப்பிடித்தான், "64 சூறாவளிக்கு நீ நடந்து திரிஞ்சனீ" எண்டுதான் என்ட வயசு. அவைக்கு வயசு எண்டது ஊருக்கு நடந்ததோட சேந்து வந்தது, எனக்கு அடையாள அட்டையில இருக்கிற நம்பர். ஒருவேளை அதான் வித்தியாசமோ என்னவோ. அந்தக் காலம் நல்ல காலம் எண்டு நான் சொல்ல வரேல்ல, வேலை போன பிறகு அந்த மனுசன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதுக்கு வந்து ஆரும் கிளாஸ் எடுக்காதேங்கோ.

சரி, விசயத்துக்கு வாறன். 2022 டிசம்பர், எனக்கு 60 முடிஞ்சு ஒரு மாசம். 30ம் திகதி வெள்ளிக்கிழமை கந்தோரில பிரியாவிடை. எங்கட கந்தோரில மட்டும் ஏழு பேர் ஒரே நாளில போறம், (ஏன் ஒரே நாளில எண்டத கீழ சொல்றன், அது வேற எரிச்சல்), மாலை, மேசை நிறைய சோட்டீஸ், குறூப் போட்டோ எல்லாம் இருக்கு. போட்டோ ஆயுசுக்கும் சுவரில தொங்கும் எண்டு செவ்வாய்க்கிழமை இரவே டை அடிச்சன். நான் வழக்கமா வாங்கிறது அந்த வருசம் கடையில இல்லை, 2022 எங்களுக்கு எப்பிடி வருசம் எண்டு தெரியும்தானே, பால்மாவே இல்லாத நாட்டில டைக்கு எங்க போறது. கிடைச்ச வேற பிராண்ட வாங்கினன். பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்கும், காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசி 48 மணித்தியாலம் பாருங்கோ எண்டு, அத ஆர் வாசிச்சது.

புதன் விடிய தலை கடி. மத்தியானம் நெத்தி தடிச்சிட்டுது. வியாழக்கிழமை விடிய எழும்பிக் கண்ணத் திறக்கப் பாக்கிறன், திறபடுதில்லை. ரெண்டு கண்மடலும் வீங்கி, காது ரெண்டும் வடை மாதிரி. மனிசி பயத்தில ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. அங்க ஒரு டொக்டர் பிள்ளை, எங்கட கடைசி மகளின்ட வயசுதான் இருக்கும், "அப்பா, தலைக்கு என்ன பூசினீங்கள்?" எண்டு கேட்டா. எனக்குக் கண் வீங்கினத விட அந்த "அப்பா" தான் சுட்டது! அங்கிள் எண்டதுக்கே உங்களுக்கு இவ்வளவு கோவம், இனி ஐயா வரும், அதுக்குப் பிறகு அப்பா வரும், இப்பவே சொல்லிவைக்கிறன்.

இவ்வளவு வருசமா ஒண்டும் செய்யாதது இப்ப எப்பிடி எண்டு கேட்டன். கறுப்பு டையில பிபிடி எண்டு ஒரு கெமிக்கல் இருக்காம், கனகாலம் ஒண்டும் செய்யாம இருந்திட்டு ஒருநாள் உடம்பு அதை எதிரியாப் பாக்கத் தொடங்குமாம், தொடங்கினா பிறகு திரும்பாதாம், அடுத்த முறை இன்னும் மோசமா வருமாம். வேற பிராண்ட் மாத்தியும் பிரயோசனமில்ல, கறுப்பு டை அனேகமா எல்லாத்திலயும் அதுதான். கலியாண வீடுகளில கறுப்பு மருதோண்டி எண்டு போடுறாங்களே, அதுக்குள்ளயும் அதக் கலக்கிறதாம், சின்னப் பிள்ளையளுக்குப் போட விடாதேங்கோ. ஊசி போட்டு, குளிசை தந்து, "அப்பா, இனி வாழ்நாளுக்கு அடிக்கக் கூடாது" எண்டா. டை அடிக்கிறவைய நான் நக்கலடிக்கேல்ல, ஒத்துக்கொள்ளுற உடம்புக்கு அடிக்கலாம்தான், காதுக்குப் பின்னால பூசிப் பாத்திட்டு அடியுங்கோ.

வெள்ளிக்கிழமை பிரியாவிடைக்குக் கறுத்தக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போனன். அந்தப் போட்டோவில ஏழு பேர் நிக்கிறம், ஆறு பேர் அழுத முகத்தோட, நான் மட்டும் டூரிஸ்ட் மாதிரி.

பிறகு நாலு மாசம், கேக்காதேங்கோ. அடியில வெள்ளை, மேல கறுப்பு. சலூன்காரத் தம்பி ஒட்ட வெட்டிவிடவோ எண்டு கேட்டான், ஒட்ட வெட்டினா செத்தவீடோ எண்டு கேப்பினம் எண்டு விடேல்ல. மார்க்கெட்டில ஒராள் "என்ன, சீனி கூடிட்டுதோ?" எண்டு, பஸ்ஸில ஒரு பெட்டை எழும்பி இடம் தருது, ரெண்டு மாசத்துக்கு முதல் அதே பஸ்ஸில தொங்கிக்கொண்டு போனவன் நான். வீட்டில ஒருநாள் புலம்பிக்கொண்டிருந்தன், ஊருக்கெல்லாம் என்ட வயசு தெரிஞ்சுபோச்சு எண்டு. மனிசி உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தவ, நிமிராமலே ஒரு தலையணை உறையத் தூக்கிக் காட்டினா. நடுவில மண்ணிற வட்டம், எத்தினை தரம் கழுவியும் போகாத கறை. "17 வருசமா இத தேய்ச்சது நான். எனக்குத் தெரியாத வயசே?" எண்டா. அவ ஒருநாளும் டை அடிச்சதில்லை.

நீங்கள் கேட்டதுக்குப் பதில் எண்டா, ஏத்துக்கொள்றது எண்டு தனியா ஒரு வேலை இருக்கிறதா எனக்குத் தெரியேல்ல. பழகுது, அவ்வளவுதான். முந்தி கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயில் மட்டும் ஒரே ஏத்தமா நிக்காம நடப்பன், இப்ப நடுவில நிக்கோணும். அங்க மான் நிக்கும்தானே, மான் பாக்கிற மாதிரி நிண்டு மூச்சு வாங்குவன். போன கிழமை பாத்தா எனக்குப் பக்கத்தில இன்னும் மூண்டு பேர் மான் பாத்துக்கொண்டு நிக்கினம், எல்லாம் என்ட வயசு ஆக்கள். ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல.

உண்மையா என்னைக் கிழவனாக்கினது நரையில்ல, கணக்கு. 2021 நவம்பரில வந்த பட்ஜெட்டில அரசாங்க உத்தியோகத்தருக்கு 65 வரைக்கும் வேலை எண்டாங்கள். சரி இன்னும் அஞ்சு வருசம் எண்டு நான் வீட்டுக்கு மேல்மாடி கட்டக் கடன் எடுத்தன். 2022 ஓகஸ்ட்டில இடைக்கால பட்ஜெட், இல்லையில்ல 60தான், தாண்டின ஆக்கள் எல்லாம் டிசம்பர் 31ஓட வீட்ட போங்கோ எண்டாங்கள், அதான் ஏழு பேர் ஒரே நாளில. சரி, 60 வந்தா பாங்கில சீனியர் ஆக்களுக்கு 10 லட்சம் வரைக்கும் நிலையான வைப்புக்கு 15 வீத வட்டி தாறவங்கள், அதில கொஞ்சம் சமாளிப்பம் எண்டு நினைச்சன். அதயும் ஒக்டோபரோட நிப்பாட்டிட்டாங்கள், முதியோர் தினம் வாற அதே ஒக்டோபர். எனக்கு 60 வந்தது நவம்பரில. வேலை செய்யிறதுக்கு நான் கிழவன், வட்டி எடுக்கிறதுக்கு நான் கிழவனில்ல. நாட்டில காசில்ல, என்ன செய்யிறது எண்டு விளக்கம் சொல்ல வாற ஆக்களுக்கு, எனக்கும் விளங்குது, ஆனா கடன் கட்டினது நான்.

டை விசயம் ஒண்டு விட்டுட்டன். மிச்சமாக் கிடந்த ரெண்டு பக்கெட்ட அத்தானுக்குக் குடுத்தன், அக்காவின்ட மனுசன், 67 வயசு. காதுக்குப் பின்னால பூசி ரெண்டு நாள் பாத்திட்டு அடியுங்கோ எண்டு நூறு தரம் சொன்னன். மனுசன் அண்டைக்கே அடிச்சார். ஒரு கடியும் இல்ல, ஒரு வீக்கமும் இல்ல, இண்டைக்கு வரைக்கும் கறுகறு எண்டு திரியிறார். போன மாசம் ரெண்டு பேருமா டச்பே கடற்கரையில நடந்து வாறம், அவரோட முந்தி வேலை செய்த ஒராள் வந்து கதைச்சிட்டு என்னைக் காட்டிக் கேக்குது, "இவர் உங்கட அண்ணனோ?" எண்டு. அத்தான் ஒரு செக்கன் என்னைப் பாத்தார், பாத்திட்டு ஓம் எண்டு தலையாட்டினார்.