எத்தனை ஆயுதம், எந்தக் கையில்? ஆசானிடம் கேள்விகள்

நாகர்கோவிலில் அடிமுறையும் சிலம்பமும் கற்றுக்கொடுக்கிறேன். பள்ளி, கல்லூரி நாடகங்களுக்கு வாள், வேல், கேடயம் செய்துகொடுப்பதும் என் வேலை. புராணம், காமிக்ஸ், சினிமா, கணினி விளையாட்டு என்று எதிலானாலும், உடம்பெல்லாம் ஆயுதம் தொங்க வரும் பாத்திரங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. சில கேள்விகளுக்குச் சுருக்கமாகவும் சிலவற்றுக்கு நீளமாகவும் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆசானே, சினிமாவில் கதாநாயகன் ஆறு குழல் சுழலும் இயந்திரத் துப்பாக்கியை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு சுடுகிறான். முதுகில் இன்னும் இரண்டு துப்பாக்கி வேறு. நடக்கக்கூடியதா? (கல்லூரி மாணவர், தக்கலை)

தூக்கலாம், சுட முடியாது. நீங்கள் சொல்லும் துப்பாக்கி வகையைப் பொறுத்து 20 முதல் 40 கிலோ வரை இருக்கும். நம் ஊரில் தேங்காய் மூட்டை சுமப்பவர்கள் அதைவிட அதிகம் தூக்குகிறார்கள். ஆகவே துப்பாக்கியின் எடையைவிடத் தோட்டாவின் எடைதான் பெரிய சிக்கல். அது நிமிடத்துக்குச் சுமார் 3,000 குண்டு சுடும், அதாவது நொடிக்கு 50. ஒரு தோட்டா ஏறத்தாழ 24 கிராம். ஒரு நொடி விசையை அழுத்தினால் 1.2 கிலோ காலி. ஒரு நிமிடம் சுட வேண்டுமென்றால் 72 கிலோ தோட்டாவைச் சுமந்து வந்திருக்க வேண்டும். குழல்களைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்கலம் தனி. அதனால்தான் அதை ஹெலிகாப்டரிலும் வண்டியிலும் பொருத்துகிறார்கள். முதுகிலிருக்கும் மற்ற இரண்டு துப்பாக்கிகளுக்கும் தோட்டா எங்கே என்று அந்த இயக்குநரைத்தான் கேட்க வேண்டும்.

ஜப்பானிய ‘ஒன் பீஸ்’ காமிக்ஸில் வரும் ஜோரோவால் உண்மையில் மூன்று வாளோடு சண்டை போட முடியுமா? (ஒன்பதாம் வகுப்பு, மார்த்தாண்டம்)

கையில் இரண்டு, வாயில் ஒன்று. தம்பி, வீட்டில் முயன்று பார்க்காதே, முன்பல் போய்விடும். வாளின் எடை ஒரு கிலோதான் என்றாலும், பிடியைக் கடித்தால் அலகு முழுவதும் ஒரு பக்கமாக நீண்டு நின்று தாடையைத் திருகும். எதிராளியின் வாள் அதன்மேல் ஒருமுறை மோதினால் அந்த அடி முழுவதும் கழுத்து எலும்பில் இறங்கும்.

ஆனாலும் அந்தப் பாத்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாயில் கவ்வும் வாள் சிறுவயதில் இறந்துபோன தோழி குயினாவுடையது. இருவரில் ஒருவர் உலகின் முதல் வாள்வீரர் ஆக வேண்டும் என்று அவளோடு செய்துகொண்ட சத்தியம் அந்த வாளில் இருக்கிறது. மூன்றாவது வாள் அவனுக்கு ஏன் வேண்டும் என்பதற்குக் கதையிலேயே விடை இருப்பதால், தாடை தாங்குமா என்ற கேள்வியை வாசகன் கேட்பதே இல்லை.

முதுகில் இரண்டு வாளைக் குறுக்காக மாட்டியிருப்பவர்கள் எப்படி அதை உருவுகிறார்கள்? (குழித்துறை)

பெரும்பாலும் உருவ முடியாது. வலக்கையை வலத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடியைப் பற்றி, கையை முழுவதுமாக மேலே நீட்டிப் பாருங்கள். தோளிலிருந்து உள்ளங்கை வரை சுமார் 60 சென்டிமீட்டர். வாளலகு 70 சென்டிமீட்டர் என்றால், கை முழுக்க நீண்ட பிறகும் நுனி உறைக்குள்ளேதான் நிற்கும். நாடகத்துக்குச் செய்யும்போது இரண்டு வழிகளைக் கையாள்கிறேன். ஒன்று, அலகைக் குறைப்பது. மற்றொன்று, தோலுறையின் ஒரு விளிம்பை நீளவாக்கில் மேல் பாதி வரை தைக்காமல் திறந்து விடுவது. வாள் பாதி ஏறியதும் பக்கவாட்டில் கழன்று வந்துவிடும். திரும்பச் சொருகுவதற்கு மட்டும் வழியில்லை. கண்ணால் பார்க்காமல் முதுகில் வாளைச் சொருக எந்த மாணவனையும் நான் விடுவதில்லை, மர வாளாக இருந்தாலும்.

‘விட்சர்’ நாவல்களிலும் கணினி விளையாட்டிலும் வரும் பூதவேட்டைக்காரன் கெரால்டுக்கும் இரண்டு வாள் உண்டு. மனிதருக்கு எஃகு, பூதங்களுக்கு வெள்ளி. விளையாட்டில் இரண்டும் முதுகில் தொங்கும். மூல நாவல்களில் வெள்ளி வாள் பெரும்பாலும் குதிரையோடு கட்டியிருக்கும். எழுதியவர் சுமை என்றால் என்ன என்று அறிந்தவர்.

கம்ப்யூட்டர் கேமில் ஒருவனே ஏழெட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறான். எல்லாம் எங்கே இருக்கும் அண்ணே? (பூதப்பாண்டி)

எங்கும் இருக்காது. 1993-இல் வந்த டூம் விளையாட்டில் மின்ரம்பம் முதல் ராக்கெட் வரை எல்லாமே ஒரே ஆளிடம் இருக்கும், சுமையென்ற பேச்சே கிடையாது. 2001-இல் ஹேலோ வந்தபோது இரண்டு ஆயுதம்தான், மூன்றாவது வேண்டுமென்றால் ஒன்றைக் கீழே போடு என்று விதி வைத்தார்கள். எதைப் போடுவது என்று நினைக்கும் அந்த ஒரு கணம் விளையாட்டை வேறு மாதிரி ஆக்கிவிட்டது.

நம் இதிகாசங்களில் இந்தச் சிக்கலை முன்பே தீர்த்துவிட்டார்கள். விசுவாமித்திரர் இராமனுக்குத் தந்த அஸ்திரங்களை யாரும் தோளில் சுமக்கவில்லை. நினைத்தால் வரும், ஏவினால் போகும். கையில் பிடித்துச் சுமக்க வேண்டிய படைக்கலங்களோ உண்மையாகவே கனக்கும். விராட நாட்டுக்குள் மறைந்து வாழப் போன பாண்டவர்கள் முதலில் செய்த காரியம், ஆயுதங்களை வன்னி மரத்தில் கட்டி, யாரும் கிட்டே வராதபடி கூடவே ஒரு பிணத்தையும் தொங்கவிட்டதுதான். அவ்வளவு ஆயுதத்தோடு ஊருக்குள் நடந்தால் ஒளிந்து வாழ முடியாது என்பது வியாசருக்குத் தெரிந்திருந்தது.

தெய்வங்களுக்குப் பல கைகளும் ஒவ்வொன்றிலும் ஆயுதமும் இருப்பதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? கதைப் பாத்திரங்களோடு சேர்த்துப் பேசலாமா? (ஆசிரியை, தோவாளை)

சேர்த்துப் பேசத் தயங்கித்தான் இவ்வளவு நேரம் விட்டு வைத்தேன் டீச்சர். வழிபடும் மனதோடேயே சொல்கிறேன். நம் புலவர்கள் ஆயுதத்தை எண்ணிக்கைக்காக அடுக்கவில்லை.

திருமுருகாற்றுப்படையில் முருகனுடைய பன்னிரண்டு கைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார் நக்கீரர். எண்ணிப் பாருங்கள். ஒரு கை விண்ணில் செல்லும் முனிவரைக் காக்கிறது, அதன் இணை இடுப்பில் இருக்கிறது. ஒரு கை அங்குசம் செலுத்துகிறது, அதன் இணை தொடைமேல் கிடக்கிறது. இரண்டு கைகள் கேடயத்தையும் வேலையும் சுழற்றுகின்றன. ஒன்று மார்போடு விளங்குகிறது, ஒன்று மாலையோடு பொலிகிறது. ஒன்று வளை கழன்று விழ மேலே சுழல்கிறது, ஒன்று மணியை ஒலிக்கிறது. ஒன்று மழையைப் பொழிவிக்கிறது, ஒன்று வானமகளிர்க்கு மணமாலை சூட்டுகிறது. பன்னிரண்டில் படைக்கலம் பிடித்தவை மூன்றே. அழிப்பதற்கு மூன்று கை போதும், மற்றதெல்லாம் அருள்வதற்கு என்று கணக்குப் போட்ட அந்தப் புலவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

தேவியின் கைகளில் இருப்பவையும் அப்படித்தான். தேவி மகாத்மியத்தில் சிவன் சூலம், திருமால் சக்கரம், அக்னி வேல், வாயு வில், இந்திரன் வச்சிரம், யமன் தண்டம் என்று ஒவ்வொருவரும் தம்முடையதைத் தருகிறார்கள். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். கடையில் வாங்கிக் குவித்தது ஒன்றுகூட இல்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வாருங்கள். பாகவதம் சொல்லும் பாணாசுரனுக்கு ஆயிரம் கை. கண்ணன் நான்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அறுத்தெறிகிறார். அதே பெயருடைய அசுரனைத்தான், கன்னியால் மட்டுமே சாவு என்று வரம் வாங்கியிருந்தவனை, குமரி அம்மன் வதைத்ததாக நம் தலபுராணம் சொல்கிறது. விஜயதசமியன்று அம்மன் குதிரை வாகனத்தில் மகாதானபுரம் போய் நடத்தும் பரிவேட்டை அந்த வதம்தான். ஆனால் கருவறையில் அம்மன் கையில் என்ன இருக்கிறது? செபமாலை. அடுத்த முறை போகும்போது மூக்குத்தியின் ஒளியோடு அந்தக் கையையும் பாருங்கள்.

இராவணனுக்கு இருபது கை இருந்தும் ஏன் தோற்றான்? (ஏழாம் வகுப்பு, ஆரல்வாய்மொழி)

இதற்குக் கம்பர் நேராகவே பதில் வைத்திருக்கிறார். முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும் இராவணன் எதையெல்லாம் களத்தில் விட்டுவிட்டு வந்தான் என்று வரிசையாகச் சொல்லி, சங்கரன் கொடுத்த வாளையும் வீரத்தையும்கூடப் போட்டுவிட்டு, “வெறுங்கையோடு இலங்கை புக்கான்” என்று முடிக்கிறார். இருபது கையும் வெறுங்கை. அந்தப் பாட்டை மனப்பாடம் செய்துகொள், மகளே. நம் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் இராவணன் திரைக்கு வரும்போது பின்னால் போய்ப் பார். இருபது கைக்காரனையும் இரண்டு கை உள்ள ஒருவர்தான் ஆட்டிக்கொண்டிருப்பார்.

சுருள்வாளை இடுப்பில் சுற்றி மறைத்து வைக்கலாம் என்கிறார்களே, என் கதையில் ஒருவன் ஐந்து சுருள்வாள் அணிந்திருக்கிறான். (அருமனை)

ஒன்று போதும். வளையும் எஃகுத் தகடு அது. இடுப்பில் கச்சைபோலக் கிடக்கும், உருவினால் சாட்டைபோல் விரியும். தன் முழங்காலையே அறுத்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால் கடைசியாகத்தான் கற்றுக்கொடுப்பார்கள். ஐந்தைச் சுற்றிக்கொண்டவன் குனிய முடியாது. எங்கள் களரியில் வெறுங்கை அடிமுறைக்கும் வர்ம அறிவுக்கும்தான் முதலிடம். கட்டாரியும் மான்கொம்பால் செய்த மடுவும் நெடுங்கம்பும் பிறகு வருபவை.

உலகக் கதைகளில் இந்த ஆயுதக் குவியல் வீரர்களுக்கு மூத்தவர் யார்? (இரணியல்)

மூத்தவர் என்று ஒருவரை நிறுத்த முடியாது. எனக்குப் பிடித்தவர் ஜப்பானியத் துறவி-வீரர் பெங்கேய். 12-ஆம் நூற்றாண்டுக்காரர், அவரைச் சுற்றி வளர்ந்த கதைகள் ஏராளம். ஆயிரம் வாள் பறிப்பதாகச் சபதமிட்டு 999 சேர்த்தார், ஆயிரமாவதற்கு யோஷித்சுனே என்ற இளைஞரிடம் தோற்று அவருக்கே தொண்டரானார். படங்களில் அவர் முதுகில் ஏழு கருவிகள் இருக்கும். அவற்றில் ரம்பம், அரிவாள், மரச்சம்மட்டி எல்லாம் உண்டு. கோட்டைக் கதவையும் மரத்தையும் உடைத்து வழி உண்டாக்குபவரின் மூட்டை அது. ஏழும் ஏழு வேலைக்கு.

குளச்சல் போரைக் காமிக்ஸாக வரைகிறேன். என் நாயகனுக்கு ஆறு கைத்துப்பாக்கி கொடுத்தேன். நண்பர்கள் அதிகம் என்கிறார்கள். (குளச்சல்)

நண்பர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். ஆறு கொடுக்கலாம், காலம் அதற்கு இடம் தருகிறது.

மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது 1741-இல். அக்காலத்துக் கைத்துப்பாக்கி ஒருமுறைதான் சுடும். மறுபடி சுட வேண்டுமென்றால் மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கி, கிண்ணியில் கொஞ்சம் மருந்து வைத்து மூடி, பிறகு சுத்தியலை இழுக்க வேண்டும். நன்கு பழகிய சிப்பாய் நீளத் துப்பாக்கியில் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஈரக் காற்று வீசும் கடற்கரையில் மருந்து நமுத்துப்போனால் ஒருமுறைகூட வெடிக்காது. இப்படிப்பட்ட காலத்தில் ஆறு துப்பாக்கி என்பது ஆறு குண்டு, அவ்வளவுதான். கருந்தாடி என்று பெயர்பெற்ற கடற்கொள்ளையன் எட்வர்ட் டீச் மூன்று இணை கைத்துப்பாக்கிகளைத் தோள்வாரில் தொங்கவிட்டிருந்ததாக 1724-இல் லண்டனில் வெளிவந்த நூல் சொல்கிறது. பயமுறுத்தவும் அது உதவியிருக்கும், ஆனால் காரணம் தொழில்நுட்பம்தான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். ஆறையும் சுட்டுத் தீர்த்த பிறகு உங்கள் நாயகன் என்ன செய்கிறான் என்பதுதான் படக்கதையின் முக்கியப் பக்கம். காலித் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடிக்கிறானா, வாளுக்கு மாறுகிறானா? நம் பக்கத்துப் படைவீரனுக்கு வாளும் கேடயமும் கைவந்தவை. அந்த மாற்றத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு வரையுங்கள். அந்தப் போரில் சரணடைந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தவர், உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. வரைவதற்கு முன் போய் அந்தக் கோட்டை மதிலின் கனத்தைப் பாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் பழைய ஆயுதங்களையும் பார்க்கலாம்.

ஒரே ஓர் ஆயுதம் உள்ள பாத்திரம் சப்பென்று இருக்காதா? (கருங்கல்)

1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவிக்கு ஒரே ஓர் இரும்புக்கைதான். மின்சாரம் பாய்ந்தால் கை தவிர மற்ற உடல் மறையும். இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறோம். நவராத்திரிக்குச் சரஸ்வதி அம்மனும் வேளிமலைக் குமாரசுவாமியும் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படும்போது, பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் ஒன்றுதான் கைமாறுகிறது. அதைப் பார்க்கத்தான் கூட்டம் நெருக்குகிறது.

நான் எழுதும் நாவலில் நாயகி உடம்பில் இருபத்துமூன்று கத்திகள் மறைத்து வைத்திருக்கிறாள். குறைக்க மனம் வரவில்லை ஆசானே. (இளம் எழுத்தாளர், சுங்கான்கடை)

குறைக்க வேண்டாம் மகளே. ஒரு தாளில் அவள் உருவத்தை முன்னும் பின்னும் வரைந்து, ஒவ்வொரு கத்தியும் எங்கே இருக்கிறது, எந்தக் கை அதை எடுக்கும் என்று குறித்துவிடுங்கள். அவள் உட்கார வேண்டும், பஸ்ஸில் ஏற வேண்டும், தூங்க வேண்டும். தொடையில் வைத்தது உட்கார்ந்தால் குத்தும், முதுகில் வைத்தது படுத்தால் குத்தும். இரவில் எந்தக் கத்திகளைக் கழற்றுகிறாள், எதைக் கழற்ற மறுக்கிறாள் என்று எழுதினாலே இரண்டு அத்தியாயம் வந்துவிடும். எறிகத்தி ஒரே மாதிரி பத்து இருப்பது நியாயம், எறிந்தால் திரும்பி வராது. மற்றவற்றில் எது யார் தந்தது என்று அவளுக்காவது தெரிந்திருக்கட்டும். படத்தை வரைந்து எனக்கு அனுப்புங்கள், எடுக்கவே முடியாத இடத்தில் இருப்பவற்றைச் சிவப்பு மையால் குறித்துத் தருகிறேன்.